ஏழாம் எண் பாட்டில்

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. ஒரு காகிதத்தை நான்காக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். இந்த விசாரணை அறையில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள், எத்தனை பேருடைய பேனா உருண்டு கீழே விழுந்திருக்கும். ஒருவருக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

நீங்கள் ஃபைலோடு உள்ளே வரும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மனம் கலங்கி ஏதோ உளறுகிறாள் என்று எடுத்துக்கொள்வீர்கள். "பதறாம நிதானமா சொல்லுங்கம்மா," என்றீர்கள் உட்கார்ந்ததும். உங்கள் பேனாதான் பதறி என் பக்கம் உருண்டது. சரிவு இருந்தால் உருளத்தான் செய்யும். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரும் அப்படித்தான். மேலே நிற்பவருக்குத் தரை தட்டையாகத் தெரியும். அது பாட்டுக்குக் கீழே ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில், எதைச் சுமந்துகொண்டு என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வேலை.

அந்தப் பூச்சிமருந்துத் தொழிற்சாலை மூடிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கட்டடத்தை இடித்தார்கள். வெளியிலிருந்து செம்மண் கொண்டுவந்து ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொட்டி மட்டம் செய்தார்கள். கிழக்கே இருந்த காலி நிலத்தில் நூற்று அறுபத்திரண்டு வீடுகள் எழும்பின. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. வீட்டுக்கு வீடு போர் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார்கள். மண்ணும் நிலத்தடி நீரும் சுத்தமாக இருக்கின்றன என்று சோதனையில் வந்தால் தரலாம் என்றது அரசு. சோதனை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. களத்துக்கு நான் போனேன்.

அங்கே பதினொரு கண்காணிப்புக் கிணறுகள். கிணறு என்றதும் நீங்கள் கயிறும் வாளியும் நினைக்க வேண்டாம். தரைக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய், அதற்குப் பூட்டுப் போட்ட மூடி, அவ்வளவுதான். ஒன்றாம் எண் மேற்கே மேட்டில் இருக்கிறது. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போவதால் தொழிற்சாலையின் அழுக்கு அதைத் தொட வழியில்லை. ஏழாம் எண், மருந்துப் பீப்பாய்களைக் கழுவிக் கொட்டிய குழிக்குக் கிழக்கே நாற்பது மீட்டரில். அதற்கு அப்பால் சுவர். சுவருக்கு அப்பால் குடியிருப்பின் கடைசித் தெரு. அந்தத் தெருவில் மூன்றாவது வீடு என் தங்கையுடையது.

முதல் சுற்றில் எல்லாவற்றையும் செய்ய வேண்டியபடியே செய்தேன். மூன்று மீட்டர் ஆழத்து மண் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் பிசுபிசுவென்று வந்தது. பம்பு தூக்கிவரும் பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். ஏழாம் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக், குடிக்கத் தகுந்த அளவைப் போல எழுபது மடங்கு. ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. அந்த வகையில் அது எங்கள் மேலாளரைப் போன்றது.

குடியிருப்பவர்களைக் கூட்டி முடிவைச் சொல்ல வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். வரைபடத்தை ஆணியடித்து மாட்டிவிட்டு, சுவரை ஒட்டிய நான்கு தெருக்களில் போர் போடவே கூடாது என்று சொன்னேன். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மைக் என்று பட்டப்பெயர். கையில் மைக் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அன்றும் வைத்திருந்தார்.

"வீட்ட கட்டி உட்கார்ந்தாச்சு. இப்ப வந்து விஷம்னா நாங்க எங்க போறது? யாரும்மா நீங்க? உங்கள அனுப்புனது யாரு?"

மூன்றாவது வரிசையில் என் தங்கை எழுந்தாள். எனக்காகப் பேசப்போகிறாள் என்று நான் நினைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் அப்படி நினைத்தது உண்மை.

"எங்கக்காதாங்க," என்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க. இவள விருந்துக்குக் கூப்பிட்டாக்கூட சாக்கடை எந்தப் பக்கம் போகுதுன்னுதான் மொதல்ல கேப்பா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். இவ கண்ணுக்கு எல்லாமே அழுக்குதான்."

மண்டபம் சிரித்தது. மைக் சிரித்தார், ஒலிபெருக்கி வழியாக. முன்வரிசையில் ஒரு பெண் மடியிலிருந்த குழந்தையைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். தங்கையும் சிரித்தபடி உட்கார்ந்தாள், ஒரு பெரிய சங்கடத்திலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டவள்போல. நான் வரைபடத்தைச் சுருட்டினேன். நான்கு ஆணிகளையும் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன். பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆணியை விட்டுவிட்டு வரக் கூடாது.

மேலாளர் மறுநாள் என் மேசைக்கே வந்தார். "மொத சுற்றுல தப்பு வர்றது சகஜம்தாம்மா. இன்னொரு தடவ எடுங்க. இந்தத் தடவ நல்லா வரட்டும்." நல்லா வருவதற்கு இது என்ன சமையலா என்று நான் கேட்கவில்லை. அவரும் வேறெதுவும் சொல்லவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை; எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. உங்கள் ஃபைலில் அந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருக்கும் பக்கங்களை நீங்கள் காலியாகவே விட்டுவிடலாம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எளிமையானது.

குழாயில் தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கக் கூடாது. முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். இறைக்க இறைக்க மீட்டரில் பார்க்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மீட்டர் ஓர் எண்ணாகக் காட்டும். அந்த எண் ஏறி இறங்கி ஒரு நிலைக்கு வந்துவிட்டால் நிலத்திலிருந்து புதுத் தண்ணீர் வருகிறது என்று பொருள். அதைக் களத்தாளில் எழுதிக்கொண்டு, பிறகுதான் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இரண்டு வாளி கொட்டிவிட்டு எண்ணைத் தாமாகவே எழுதிக்கொள்வார்கள். மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவார்கள். அவர்களை நான் மனிதர்களாகவே மதித்ததில்லை.

நான் ஏழாம் கிணற்றை முழுதாக இறைத்தேன். முப்பத்தைந்து நிமிடம். மீட்டர் 2310-இல் நின்றது. 2310 என்றே எழுதினேன். பிறகு பம்பைத் தூக்கச் சொல்லி ஒன்றாம் கிணற்றுக்கு நடந்து, ஏழாம் எண் பாட்டிலை அங்கே நிரப்பினேன். ஆறு, எட்டு, ஒன்பதுக்கும் அப்படியே.

பம்பு தூக்கிய பெரியவர் ஒரே ஒரு முறை கேட்டார். "ஏம்மா, அங்க இறைச்சுட்டு இங்க வந்து எதுக்குப் புடிக்கிறீங்க?"

"இங்க வெளிச்சம் நல்லாருக்கு."

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஏழாம் கிணற்றின் மேல் ஒரு வேப்பமரத்தின் நிழல் விழும்.

"சரிதான். படிச்சவங்க செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்," என்றார். எந்த விஷத்தையும்விட அந்த ஒரு வாக்கியம் அதிகம் பேரைக் கொன்றிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. அவர் நல்லவர், முதுகுவலிக்காரர்.

மண்ணுக்கும் அதே முறைதான். மேலே கொட்டியிருந்த செம்மண்ணில் எண்பது சென்டிமீட்டரில் எடுத்தேன். களத்தாளில் எண்பது சென்டிமீட்டர் என்றே எழுதினேன். போன தடவை மூன்று மீட்டர் தோண்டினீர்களே என்று கேட்க ஒரு மேலாளர் இருந்தார், ஓர் அரசு அதிகாரி இருந்தார், மைக் இருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

பாட்டிலின் மேல் 'ஏழு' என்று எழுதி ஒட்டியிருந்ததே, அது பொய்யில்லையா என்று நீங்கள் கேட்கத் துடிப்பது தெரிகிறது. காலையில் கிளம்புமுன் அலுவலகத்திலேயே எல்லாப் பாட்டிலுக்கும் எண் ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம். ஒட்டும்போது அது ஏழாம் கிணற்றுக்குப் போகும் பாட்டில்தான். எழுதிய நேரத்தில் எழுதியது சரி. ஆய்வகம் அந்தத் தண்ணீரைச் சோதித்துச் சரியான எண்களைத் தந்தது. நான் அவற்றில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். எந்தச் சட்டி என்று கேட்க யாருக்கும் அக்கறை இல்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் என்னையே கவனித்துக்கொண்டு வந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும் என்று காத்திருந்தேன். பசிதான் எடுத்தது.

இரண்டாவது அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சை. முதல் சுற்றில் பாட்டில்கள் சரியாகக் கழுவப்படாததால் தவறான முடிவு வந்துவிட்டது என்று மேலாளர் ஒரு பத்தி சேர்த்தார். நான் மறுக்கவில்லை. பத்தி அவருடையது. குடியிருப்பில் என்னைப் பார்த்தவர்கள் இப்போது கனிவாகச் சிரித்தார்கள். மைக், மைக் இல்லாமல் என்னிடம் வந்து, "மனுஷங்கன்னா தப்பு நடக்கறதுதாம்மா, மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவர்கள் என்னை மன்னித்தார்கள். நான் யாரையும் வெறுக்கவில்லை. வெறுப்பதற்கும் எதிராளியிடம் கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும்.

ஒரே மாதத்தில் தங்கை வீட்டில் போர் போட்டார்கள். போய்ப் பார்த்தேன். சமையலறையில் புதுக் குழாய். அவள் ஒரு டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது.

"அக்கா, குடிக்கலாம்ல?"

"ரிப்போர்ட் பாத்தியா?"

"பாத்தேன். எல்லாம் பச்சைதான்."

"அப்புறம் என்ன?"

"இல்ல, அது கெடக்கு. நீ ஒரு வார்த்த சொன்னா ஒரு இது."

அந்த இடத்தில் நான் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன். அவளுக்குத்தான் அந்த நேரம். மண்டபத்தில் பேசியதைப் பற்றி அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். தெரியாமல் சிரித்துவிட்டேன் அக்கா என்றிருந்தால் போதும். அந்த டம்ளரை வாங்கித் தொட்டியில் கொட்டியிருப்பேன். உறுதியாகக் கொட்டியிருப்பேன். அவள் ஜன்னலுக்கு எந்த நிறத்தில் திரை வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தாள்.

"அதான் ரிப்போர்ட்ல இருக்கே," என்றேன்.

அவள் குடித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தாள். அப்போது குழந்தைக்கு நான்கு வயது.

நான் அங்கே குடிக்கவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கே போனாலும் என் ஃபிளாஸ்க்கை எடுத்துப்போவது என் பழைய பழக்கம். தங்கை அதையும் சிரிப்பாக்குவாள். "எங்கக்காவுக்கு மழைத் தண்ணியக் குடுத்தாலும் மேகத்தோட சர்ட்டிபிகேட் கேப்பா."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை தொடர வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. இரண்டாவது சுற்றையும் சேர்த்துப் பதினொரு தடவை அதே கிணறுகள், அதே நடை. ஒவ்வொரு தடவையும் ஏழாம் கிணற்றை முழுதாக இறைத்து, உண்மையான எண்ணைக் களத்தாளில் எழுதி, அறிக்கையோடு இணைத்தேன். 2310, 2290, 2345. ஆய்வகம் ஏழாம் எண் பாட்டிலில் அதே உப்பை அளந்து தந்த எண்கள் 590, 602, 585. இரண்டு தாளும் ஒரே உறையில் போயின. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் நான் செய்தது பத்தே நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். நான் எதையும் ஒளிக்கவில்லை, சார். அவர்கள் படிக்கவில்லை.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள்.

மாதத்துக்கு ஒருமுறையாவது போவேன். குழந்தை வாசலிலேயே என் பையைப் பிடுங்கும். "பெரியம்மா, உன் தண்ணி குடு." ஃபிளாஸ்க் மூடியில் குடிப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அரை லிட்டர் ஃபிளாஸ்க்கை மாற்றி ஒரு லிட்டரில் வாங்கினேன். போகும்போது நிரம்பியிருக்கும், வரும்போது காலி. மாதத்துக்கு ஒரு லிட்டர்.

இரண்டாவது ஆண்டின் முடிவில் ஒருநாள் மூடியை நீட்டும்போது அவளுடைய உள்ளங்கை என் விரலில் பட்டது. "என் கைய பாரேன் பெரியம்மா, மண்ணு ஒட்டுனாப்ல இருக்கு. கழுவினா போகவே மாட்டேங்குது." சின்னச் சின்ன முடிச்சுகள், கடினமாக, மணல்போல. வலது கையில் பதினான்கு, இடது கையில் ஒன்பது. கழுத்தில் தோல் கறுத்து, அதில் வெள்ளை வெள்ளையாக மழைத்துளி விழுந்த புழுதிபோல.

"அலர்ஜியாத்தானேக்கா இருக்கும்?" என்று தங்கை அடுப்படியிலிருந்து கேட்டாள். "ராத்திரியெல்லாம் கால் மரத்துப்போகுதுன்னு வேற சொல்றா."

"டாக்டர்கிட்ட காட்டு," என்றேன்.

அது சரியான ஆலோசனைதான். அவள் காட்டினாள். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் குறையும், ஆர்செனிக் குறையாது. இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் நான் வேலை பார்த்தேன் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து, என் சொந்தக் களக் குறிப்பேட்டில் தேதி போட்டு, பதினான்கு, ஒன்பது என்று எழுதிவைத்தேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. பார்த்ததை எழுதாமல் விட்டால் எனக்கு உறக்கம் வராது.

ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்ததுதான் முடிவு. பழைய ஆட்கள் களத்தாளைப் பிரிக்காமலே ஃபைலில் போடுவார்கள். இவள் பிரித்துப் படித்திருக்கிறாள். போனில் கூப்பிட்டாள். குரலில் பயம், மூத்தவளிடம் குறை சொல்கிறோமே என்ற பயம்.

"மேடம், ஏழாம் கிணத்துக்கு நீங்க எழுதின நம்பரும் எங்க நம்பரும் ஒத்தே வரல. நாலு மடங்கு வித்தியாசம். உங்க மீட்டர் ஏதாவது ரிப்பேரா?"

அவளே கதவைத் திறந்துவிட்டாள். ஆமாம், ரிப்பேர் என்றால் முடிந்தது. நன்றி சொல்லி வைத்திருப்பாள். யோசித்துப் பார்த்தால் நான் தப்பிக்க அந்த ஒரு சொல் போதும்.

"இல்ல. நேத்து காலையிலதான் சரிபார்த்தேன். என் மீட்டர்ல தப்பு கிடையாது," என்றேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளில் என் மீட்டரைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப பாட்டில் எங்க புடிச்சது மேடம்?" என்றாள். இரண்டு ஆண்டு ஏழு மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் நல்ல கேள்வி. சொன்னேன். அதற்கு நான்காவது நாள் உங்கள் கடிதம் வந்தது.

இவ்வளவுதான். நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் 'ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள்' என்று இருக்கிறது. இரண்டு ஆண்டு ஏழு மாதம் என்று திருத்தியிருக்கிறேன். 'தண்ணீர் மாதிரிகளை மாற்றினார்' என்பது சரி. 'முடிவுகளைத் திரித்தார்' என்பதை அடித்திருக்கிறேன். நான் எந்த முடிவையும் திரிக்கவில்லை. 'தெரிந்தே செய்தார்' என்பது அப்படியே இருக்கட்டும். மற்றதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சற்று முன் நீங்கள் வெளியே போனது தங்கையைப் பார்க்க என்று எனக்குத் தெரியும். கதவு சாத்தும்போது அவளுடைய செருப்பு தெரிந்தது. காலையிலிருந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பென்சில் பிடிக்க விரல் மடங்கவில்லை என்றீர்கள். வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். உங்களுக்கும் மகள் இருக்கக்கூடும்.

"அவங்க உங்க மேல புகார் எதுவும் குடுக்கலம்மா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. அவங்க சொன்னத அப்படியே சொல்றேன். 'எங்க வீட்டு போர் அந்தத் தண்ணி வர்ற வழியில இருக்குன்னு அக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது சார். அத மட்டும் அவ வாயால எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. பொய்யாவாவது சொல்லட்டும். நான் அதைப் புடிச்சுக்கிட்டு இருந்துடுவேன்.' இத நான் எழுதப்போறதில்லை. வாக்குமூலத்துல வராது. கதவத் திறந்து ஒரு வார்த்தை, அவ்வளவுதான்."

உங்கள் பேனா மறுபடியும் உருண்டு என் பக்கம் வந்தது. விளிம்பில் பிடித்து உங்கள் ஃபைலின் மேல் வைத்தேன். இனி உருளாது.

மன்னிக்க வேண்டும், சார். அந்தத் தெரு எனக்கு நன்றாகத் தெரியும். வரைபடத்தில் அவள் வீட்டை வரைந்ததே நான்தான். இத்தனை வருடத்தில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவளுக்காக இப்போது தொடங்க முடியாது.